பாலத்துக்கு இந்தப் பக்கம்

"சந்தூக்கைத் தூக்க நாலு பேரைக் கூப்பிடுறேன். நம்ம பக்கமே கொண்டுபோயிடலாம்" என்று கிளம்பிய தம்பியின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளறையில் வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டி வெள்ளை சுற்றியிருந்தார்கள்.

"மவுத்தாகுற இடத்துலயே அடக்குங்கன்னு சொல்லியிருக்காருடா. என் பக்கத்துல இருக்கட்டும்."

"இங்க அடக்கினா முன்னால நின்னு தொழ வைக்கிறது இந்தப் பக்கத்துக் காஜி. பெத்த மகன் நான் வேடிக்கை பாக்கவா?"

அவன் கேட்பதும் நியாயம்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க வாப்பா காஜி; இந்தப் பக்கம் இன்னொருவர். அந்த எல்லையை வாப்பா மதித்த அளவுக்குக் கடல்கூடத் தன் கரையை மதித்திருக்காது. நோயோடு மகள் வீட்டில் வந்து படுத்தபோது, பஞ்சாயத்துக்கென்று அந்தப் பக்கத்திலிருந்து தேடிவந்த ஒரு புருஷன் பெண்டாட்டியிடம், "இங்க நான் காஜி இல்லப்பா, வெறும் மாமனார்" என்று சொல்லிவிட்டார். பிறகு காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்களைச் சேர்த்துவைத்தார். திரும்பி வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

அவளுடைய நிக்காஹ் நடந்ததும் இந்தப் பக்கம்தான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஓதி வைத்தவர், சொந்த மகளைக் கைப்பிடித்துக் கொடுத்ததோடு சரி. அப்புறம் விருந்தாளியோடு விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"போய்க் கேளு" என்றாள்.

"யார்கிட்ட?"

"வாசல்ல உக்காந்திருக்காரே இந்தப் பக்கத்துக் காஜி, அவர்கிட்ட. கேட்டா வாய் வெந்துடாது."

தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். அவள் கதவோரம் நின்றாள்.

"ஹஜ்ரத்... வாப்பாவுக்கு நான் தொழ வைக்கலாமா?"

கிழவர் எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தாராளமா வைங்க. உங்க வாப்பா கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன் தம்பி. உங்க அக்கா நிக்காஹ்வுல மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு அவர் முகத்தையேதான் பாத்துட்டு நின்னேன். நானா நீட்டினா கௌரவக் குறைச்சலா எடுத்துக்குவாரோன்னு பயம். அவரும் கேக்கல."

சந்தூக்கு வெளியே போனது. வாசலில் தொழுகைக்கு வரிசை கூடிற்று. ஆட்களோடு ஒட்டியே நின்ற தம்பியிடம், "இன்னும் கொஞ்சம் முன்னால போங்க" என்று கிழவர் சொல்வது உள்ளே கேட்டது.

வாப்பா படுத்திருந்த பாயைச் சுருட்ட வந்த நாத்தனாரை வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, அவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.