கதவுக்கு மேலே ஒரு சாண்

உடலைச் சுமந்த சந்தூக்கு படியேறி மேல் ரோட்டை அடைவதற்குள்ளேயே ஸைனம்பு ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். மௌத்தான தம்பியை நினைத்து அழுவதைவிட, தம்பி பெண்சாதியை இத்தாவில் இருத்துவது அவளுக்கு அவசரமாக இருந்தது. முன்கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியில் வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்துத் திணிக்கத் தொடங்கினாள்.

தெரணியகலை மலைச்சரிவில் பல வீடுகள் ரோட்டுக்குக் கீழேதான். த்ரீவீலில் போகிறவன் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், அந்த இடைவெளி வழியே ஹோல் முழுக்கத் தெரியும். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது.

"மதினி, அத அடைக்க வாணாம்," என்றாள் ஹபீஸா, அறை வாசலில் நின்று.

"என்ன புள்ள செல்ற? ரோட்டால போற ஆம்புளயெல்லாம் ஒன்னப் பாக்கவா?"

"குஞ்சு ஈக்கி மதினி."

ஸைனம்பு அண்ணாந்து பார்த்தாள். ஹோல் நடுவே தொங்கிய லைட்டின் மூடியில் கொண்டைக்குருவிக் கூடு. மய்யித்து வீட்டில் ஆள் நிறைந்ததிலிருந்து தாய்க்குருவியும் தகப்பனும் உள்ளே வரவேயில்லை. கத்திக் கத்திக் குஞ்சுகளின் சத்தம் மெலிந்துபோயிருந்தது.

பஜாரில் புடவைக் கடை வைத்திருந்தவர் ஹபீஸாவின் புருஷன் ஸஹாப்தீன். வாதத்தில் விழுந்ததும் கடையை மகன் இக்ராமிடம் விட்டுவிட்டு, கட்டிலில் கிடந்தபடியே தோட்டத்துக் குருவிகளுக்குக் கணக்கப்பிள்ளையாகிவிட்டார். ஹோல் லைட்டைப் போட விடமாட்டார். உட்காரும் செட்டியெல்லாம் எச்சம் என்று ஹபீஸா கத்துவாள். மனிதர் சிரிப்பார்.

"நேரா வராது ஹபீஸா. மொதல்ல கொய்யாமரம், பொறகு வயரு, பொறகுதான் கதவு. நாம பாக்கிறதக் கண்டா திரும்பிரும். பாக்காத மாதிரி இரி."

கண் மங்கிய பிறகும் மனிதர் விடவில்லை. "வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு விடிகாலை சுபஹு தொழுகைக்குப் பிறகும் கேட்டார். கட்டிலருகே இருந்தவள் ஹோல் பக்கம் திரும்பினாள். அலகில் பூச்சியோடு ஒன்று கதவுக்கு மேலால் நுழைந்தது. "வந்திரிச்சி," என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். கேட்க ஆள் இல்லை.

"குருவிக்காக மார்க்கத்த உட ஏலுமா?" ஸைனம்புவின் கை நிற்கவில்லை. "குசினி ஜன்னலத் தொறந்து வெப்பம். அதால வரட்டும்."

"அதுகளுக்கு இந்த வழிதான் தெரியும்."

"அப்ப நீ என்ன செய்ற?"

ஹபீஸா ஒருமுறை ஹோலைப் பார்த்தாள். லைட்டு, கூடு, எச்சம் விழுந்த செட்டி.

"நான் ஹோலுக்கு வரல்ல. இத்தா முடியும் மட்டும் அறைக்குள்ளயே ஈக்கிறன். இந்தக் கதவ மூடிக்கோங்க. அத மட்டும் உட்டிருங்க."

ஸைனம்பு ஸ்டூலிலேயே நின்றாள். பிறகு திணித்த விரிப்பை மெதுவாக உருவினாள். அதிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சின்னதுலேந்தே எண்ட தம்பிக்கு இந்தப் பைத்தியந்தான்," என்றாள்.

அறைக் கதவு மூடப்பட்டது. மெத்தையை வெயிலில் போட்டுவிட்டதால் கட்டிலில் வெறும் பலகைதான் கிடந்தது. ஹபீஸா கீழே பாய் விரித்து உட்கார்ந்து, கதவில் காதை வைத்தாள். குஞ்சுகளின் சத்தம் இப்போது சுத்தமாக நின்றுவிட்டது. தாயும் தகப்பனும் வெறுத்துப்போய் விட்டுவிட்டதுகளோ? அல்லாஹ்வே, இதையும் எடுத்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

கொய்யாமரத்தில் ஒரு குரல் கேட்டது. அவள் மூச்சை அடக்கினாள். அடுத்தது வயரில். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஹோலில் யாரும் இல்லையா என்று பார்க்கிறதாக்கும்.

திடீரென்று குஞ்சுகள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தின.

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"வந்திரிச்சி," என்றாள்.