கோடு எந்த மாதம் தொடங்குகிறது

1

இந்தக் கதை ஒரு பென்சில் கோட்டிலிருந்து பிறந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் குமரகுருபரன், தன் மியூச்சுவல் ஃபண்டின் யூனிட் விலை மாதாமாதம் எப்படி நகர்ந்தது என்று வரைந்த கோடு. முதலில் இப்படித் தொடங்கினேன்:

தொண்ணூற்று மூன்றில் பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட், தொண்ணூற்றாறு கடைசியில் பதின்மூன்று ஆகியிருக்க, குமரகுருபரன் நிம்மதியாக...

நிறுத்திவிட்டேன். அவருக்கு நிம்மதி ஏது?

2

வேறு தொடக்கம். தொண்ணூற்று நான்கு செப்டம்பர். வள்ளியூரில் டீச்சராக இருக்கும் அக்கா பிரம்மநாயகி, தம்பி பேச்சை நம்பி, இறந்துபோன கணவரின் பி.எஃப். பணம் முழுவதையும் அதே ஃபண்டில் போட்டாள். அன்று யூனிட் இருபது ரூபாய்.

(அதுதான் உச்சம் என்று அன்று யாருக்கும் தெரியாது. இதை எழுதாமல் விட்டால் குமரகுருபரனுக்கு அநியாயம் செய்தவனாவேன்.)

ஒவ்வொரு தீபாவளிக்கும் "நம்ம ஃபண்டு பரவாயில்லக்கா" என்றே சொல்லிவந்தார். பொய்யில்லை. தான் சேர்ந்த மாதத்திலிருந்து அளந்தார். எதையும் 'நம்ம' என்றே சொல்லிப் பழகிய குடும்பம். அக்காவுக்குத் தனியாக ஒரு தொடக்கம் உண்டென்று தோன்றவே இல்லை.

அதை நம்பி அக்கா மதுரையில் இதய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாள். வால்வு மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

3

நேற்றுதான் அவள் கணக்கை, அவள் போட்ட மாதத்திலிருந்து தனியாக அளந்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம். மிச்சம் ஆபரேஷனுக்குக் காணாது. பயந்துபோய் இன்னொரு முறை அளந்தார்; அதே கணக்குதான்.

(தெரிந்தேதான் மறைத்தாரோ என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பயந்து கிடப்பவனை மேலும் மிரட்டுவது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம்.)

4

இன்று அக்கா வந்தாள். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கோட்டைப் பார்த்தாள்.

"ஏறி எறங்குனாலும் தொடங்குன எடத்துக்கு மேலதான நிக்கு" என்றாள். பிறகு பென்சிலை எடுத்து நீட்டினாள். "நான் போட்ட மாசம் இதுல எங்கன இருக்கு, தம்பி?"

ஒரு முடிவில் அவர் கோட்டின் அடிவாரத்தில் புள்ளி வைக்கிறார். அவள் சிரித்தபடி வீட்டுக்குப் போகிறாள். இன்னொன்றில் உச்சியில் வைக்கிறார். "அப்பம் ஆபரேசன அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்கிறாள். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, அவர் தன் வீட்டை விற்று...

அந்தப் பணத்தை அக்கா வாங்கமாட்டாள்.

பென்சில் இப்போது அவர் கையில். அவள் மூச்சு இன்னும் அடங்கவில்லை. எங்கே புள்ளி வைக்கட்டும்? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.