மணலுக்கு இரண்டு சொட்டு

1.

"இன்னா அரிசி ஏஞ்சலு இது? இவ்ளோ நேரமா கழுவுற, இன்னும் வெள்ளத் தண்ணி வந்துகினே கீது?"

பக்கத்து வீட்டு குணசுந்தரி அக்கா மதில்மேல் கையூன்றிக் கேட்ட கேள்வி. இந்தக் கதை இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கெட்டில் இருந்தது அரிசி இல்லை, மணல். ஏஞ்சல் அதைச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் புதுவாயலுக்கு வந்ததிலிருந்து யார் எதைக் கேட்டாலும் சிரித்துவைப்பது அவள் வழக்கம். சிரித்தாள்.

"கழனித் தண்ணிய சாக்கடைல ஊத்தாத. என் மாட்டுக்குக் குடு" என்று அக்கா வாளியை நீட்டினாள்.

அதற்கும் சிரித்து, ஊற்றிக் கொடுத்தாள்.

(மாடு ஒருமுறை முகர்ந்தது. பிறகு அது அக்காவைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் தமிழ் போதாது.)

2.

ஏஞ்சல் யார்? பத்தாவதைப் பாதியில் விட்டவள் என்றுதான் முதலில் எழுதினேன். கதையில்தானே, யார் வந்து சான்றிதழ் கேட்கப்போகிறார்கள் என்று பன்னிரண்டாவது பாஸ் போட்டுவிட்டேன். ஏஞ்சல் என்பது நான்தானா என்று கேட்காதீர்கள். அவள் என்னைவிட உயரம்.

அவள் புருஷன் தானியேலுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. கம்பெனி வரவேற்பறையை இடித்துக் கட்டியபோது வேண்டாமென்று ஒதுக்கிய நாலடிக் கண்ணாடித் தொட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். மாமியார் சாராள் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லாக் கீது. அரிசி கொட்டி வெக்கலாம். வண்டு வந்தா வெளியிலருந்தே தெரியும்."

அந்த வீட்டில் ஏஞ்சல் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை. "மீனு வளக்கணும் அத்த. கடல் மீனு."

"கடல் மீன கொழம்பு வெப்பாங்க. வளப்பாங்களா?"

தானியேல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். கடைசியில் சாராளே ஒரு தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம நம்மூட்ல ஜெபக்கூட்டம். அதுக்குள்ள தண்ணி தெளிஞ்சி இருக்கணும். இல்லன்னா அரிசிதான்."

மீனா, அரிசியா. இனி இந்தக் கதையில் வேறு பிரச்சினை எதையும் நான் உள்ளே விடப்போவதில்லை.

3.

அந்த வாரம் புதுவாயலின் வானம் முத்துச்சிப்பியின் உட்புறம்போல—

வேண்டாம். புதுவாயல் வானம் என்றைக்கு அப்படி இருந்தது? மணலுக்கு வருவோம்.

எதிர்மனையில் வீடு கட்ட எம்-சாண்ட் குவித்திருந்தார்கள். அது பாறையை உடைத்த தூள்; தொட்டதும் கை சாம்பலானது. "கடல் மீனுக்குக் கடல் மணல்தான?" என்று தானியேல் பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்தான். டம்ளரில் போட்டுக் கலக்கினாள். சாயங்காலம்வரை கறுப்பு அடங்கவில்லை. ஒரு பீடித்துண்டு மட்டும் மேலே வந்து மிதந்தது.*

கடைசியில் கொளத்தூர் மீன்கடையில் பவழ மணல் ஒரு மூட்டை வாங்கினார்கள். நைந்த பவழமும் கிளிஞ்சலும் கலந்த வெள்ளை மணல். மைதாபோல இருந்தால் எழும்பிக்கொண்டே இருக்கும்; கடலைபோல இருந்தால் இடுக்கில் தீனி புகுந்து அழுகும். ஏஞ்சல் ரவைப் பருமனில் எடுத்தாள். அசல்தானா என்று பார்க்க வினிகர் வேண்டும். ஒரு கிண்ணத்தில் மணலை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ஃப்ரைடு ரைஸ் வண்டிக்குப் போனாள். வண்டிக்காரர் பச்சைமிளகாய் மிதந்த வினிகரில் கொஞ்சம் விட்டார்.

சொர்ர்ர் என்று நுரைத்தது.

"இன்னாம்மா, மணல்ல சூப்பு வெக்கிறியா?"

சிரித்துவைத்தாள். பவழமும் கிளிஞ்சலும்தான் அப்படி நுரைக்கும். அசல்.

* கரையிலிருந்து மணல் அள்ளக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாராவது கோணியோடு கிளம்பினால் நான் பொறுப்பில்லை.

4.

கழுவியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மாட்டின் அவசரத்தால் கதையின் வரிசை குலைந்துவிட்டது, மன்னிக்கவும். போர்வெல் தண்ணீரில் அலசி அலசி, வெள்ளை நின்றதும் கேன் தண்ணீரில் ஒரு தடவை. பிறகு தொட்டியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினாள். மணல் எழும்பாமலிருக்க மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, டிரம்மில் கரைத்து வைத்திருந்த கடலுப்புத் தண்ணீரைத் தட்டின்மேல் மெல்ல ஊற்றினாள்.

சனிக்கிழமை தொட்டி முழுக்க மோர். ஏஞ்சல் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை தொட்டிக்குப் பின்னால் சுவரில் தொங்கிய வசனக் காலண்டரின் பொடியெழுத்துகூடத் தெரிந்தது.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் சாராள் ஜெப எண்ணெய் பாட்டிலோடு வந்துவிட்டாள்.

5.

அந்த வீட்டில் அந்த ஆசீர்வாத எண்ணெய் படாத பொருள் இல்லை. பைக், மிக்சி, கேஸ் அடுப்பு, தானியேலின் பிஎஃப் பாஸ்புத்தகம்.

"தள்ளும்மா. மணல் மேல ரெண்டு சொட்டு வுட்றேன். புதுப்பொருளு."

விட்டால் எண்ணெய் தண்ணீரை ஏடுபோல மூடும், மணலில் ஒட்டும், காற்று இறங்காது. மறுபடி முதலிலிருந்து. வேண்டாம் என்றால், ஜெபக்கூட்டம் நடக்கிற நாளில் ஜெப எண்ணெயைத் தடுத்த மருமகள்.

முடிவு அ: இரண்டு சொட்டு விழுகிறது. அரிசி. (எழுதச் சுலபம். ஆனால் நான் மணல் கழுவிய கை வீணாகிறது. ஏஞ்சலின் கை என்று திருத்திப் படியுங்கள்.)

முடிவு ஆ: தானியேல் வந்து தடுக்கிறான். (நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான். எழுப்பினால் பேஜாரு.)

முடிவு இ: பாஸ்டரே வந்து ஜெபித்துவிட்டுப் போனார் என்று பொய் சொல்கிறாள். (பாஸ்டர் நாலு மணிக்கு வருகிறார்.)

நான்காவதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏஞ்சல் என்னைக் கேட்காமல் பேசிவிட்டாள். சிரித்துவைக்கிறவள் என்று நான் எழுதியதை அவள் மதிக்கவே இல்லை.

"அத்த, எண்ணூர் கடல்ல எண்ணெ மெதந்துச்சே. அப்ப நீங்க மீனே வாங்கலியே?"

"அது வேற எண்ணெ. இது ஜெபம் பண்ண எண்ணெ."

"மீனுக்கு அது தெரியாது அத்த."

பாட்டில் தொட்டிக்கு மேலேயே நின்றது.

"மீனே இல்லியேடி இதுல?"

"ஒரு மாசம் ஆவும். மணல்ல நல்ல கிருமி சேந்து பழகணும்."

"அதுவரிக்கும் வெறும் மணலப் பாத்துகினு குந்தியிருப்பியா?"

"ஆமா அத்த."

இனி நான் எழுதப்போவதில்லை. மீனா, அரிசியா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். சாராள் பாட்டிலைச் சாய்த்துக் கட்டைவிரலை நனைத்தாள். கை தொட்டிப் பக்கம் போகவில்லை. ஏஞ்சலின் நெற்றியில் வைத்து, தலை பின்னால் சாயும்படி அழுத்தித் தேய்த்தாள். ஆசீர்வாதமா, வாய்க்கொழுப்புக்குக் குட்டா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகிறது. எண்ணெய் மூக்குவரை வழிந்தும் ஏஞ்சல் துடைக்கவில்லை.

சாராள் மூடியைத் திருகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.