ஏழு தகப்பன்மார் காவல் நின்ற குழாய்

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. அடுப்பில் விறகு இருக்கிறது, கெட்டிலில் தேநீர் இருக்கிறது, வெளியே பனியைத் தவிர வேறு யாரும் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு கைப்பிடி உயிரை ஊர்கூடிப் பிடித்து நிறுத்திய கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கள் மலைநாட்டு நாரின் ஊர் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் சாய்ராகுல் என்று மூத்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். மற்ற நர்ஸ்களுக்கெல்லாம் அவள் ‘எஜே’, மூத்தவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ஜனவரியில் அவள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள் துர்சுனாய். ஆயிரத்து ஐம்பது கிராம் எடை. ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். தாய்க்காரி அரூகே அதற்கு முன்னால் இரண்டைப் பறிகொடுத்தவள். இந்தக் குழந்தையாவது போய்விட வேண்டாம் என்றுதான், ‘தங்கட்டும்’ என்று பொருள்படும் அந்தப் பேரைப் பிறந்த அன்றே வைத்தாள்.

அவ்வளவு சின்ன வயிறு பாலை ஏற்காது. சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் கலந்த பை ஒன்று மேலே தொங்கும். அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, நூல் போன்ற இன்னொரு குழாயோடு சேர்ந்து நேரே ரத்தத்துக்குள் போகும். அதுதான் சாப்பாடு. ஆனால் குழந்தைக்கு இனிக்கிற சாப்பாடு கிருமிக்கும் இனிக்கும் அல்லவா? அந்த மாதம் மட்டும் மூன்று குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. மூன்றும் பிழைத்தன. ஒவ்வொன்றையும் எமன் வாயிலிருந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது.

பெரிய டாக்டர் காசிமாலி கையில் லேப் காகிதத்தோடு வந்தார்.

“பை சுத்தம். கலக்கிற அறையும் சுத்தம். ரெண்டு குழாயும் சேர்ற அந்த மூடியிலதான் கிருமி உக்காந்திருக்கு. சாய்ராகுல், இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி வந்துச்சுன்னா, இந்த வார்டுல நரம்பு வழிச் சாப்பாடே கிடையாது. எல்லாப் புள்ளைங்களையும் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பிடுவேன்.”

“கணவாய்ல இடுப்பளவு பனி கெடக்கு, அகாய். துர்சுனாய் போய்ச் சேருமா?”

அகாய் என்றால் ஐயா; டாக்டரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேராது என்று அவருக்கும் தெரியும்.

அந்த மூடி சுண்டுவிரல் நகம் அளவுதான். மருந்துக்கும் பை மாற்றவும் என்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அதைத் திறப்பார்கள். திறக்கும் முன் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி அழுத்தித் தேய்த்து, உலர விட வேண்டும். இது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் இருக்கிறது.

சாய்ராகுல் ஒரு நாள் முழுக்கக் கதவோரம் நின்று வெறுமனே பார்த்தாள். நூர்ஜாத் தேய்த்தது மூன்று விநாடி. சினார் தேய்த்தது ஐந்து.

“ஏய் நூர்ஜாத், பதினஞ்சு வரைக்கும் எண்ணுனியா?”

“எண்ணுனேனே எஜே! சத்தியமா!”

“மூணுலயே பஞ்சைத் தூக்கிப் போட்டுட்ட.”

“அப்ப நீங்க தேயுங்க, நான் பாக்கறேன்.”

சாய்ராகுல் தேய்த்தாள். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் நிதானமாக எண்ணியதாகத்தான் நினைப்பு. அந்த நேரம் பார்த்து, அடுத்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் எச்சரிக்கை மணி அடித்தது.

“நாலு!” என்று நூர்ஜாத் கைகொட்டிச் சிரித்தாள். “எஜேக்கு நாலு!”

சாய்ராகுலுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாகப் பதினைந்து என்று நினைத்து நாலுதான் தேய்த்திருக்கிறேனா? கடிகாரத்தைப் பார்த்துத் தேய்க்கலாமென்றால் கண் கையை விட்டு நகரக் கூடாது. எண்ணலாமென்றால், மணி அடித்தால் எண் குதிரையாக ஓடிவிடுகிறது.

மறுநாள் தேநீர் வேளையில் நூர்ஜாத் தன்னைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளையோட மாமா மீசையை நீவிக்கிட்டு, ‘ஏழு தகப்பன் பேரைச் சொல்லும்மா’ன்னார். நாலு வரைக்கும் போனேன். அஞ்சாவதா வாயில வந்தது எங்க குதிரை பேரு!”

வாய்க்குள் போன தேநீர் எல்லோருக்கும் மூக்கில் வந்தது. எங்கள் பக்கம் தகப்பன் வழியில் ஏழு தலைமுறைப் பேர் சொல்லத் தெரியாதவளிடம் சம்பந்தம் பேசத் தயங்குவார்கள்.

“எஜே, உங்களுக்குத் தெரியுமா? எங்க சொல்லுங்க” என்று போனில் நேரம் பார்க்க ஆரம்பித்தாள் அந்தக் குறும்புக்காரி.

சாய்ராகுல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்னோர் பேரைக் குனிந்துகொண்டு சொல்லக் கூடாது. “எங்கப்பா இஷென்பாய். இஷென்பாயோட அப்பா மாம்பெத்குல். மாம்பெத்குல்லோட அப்பா தொக்தோர்…” என்று ஒவ்வொருவருக்கும் சலாம் வைப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லி, ஏழாவதாகத் தினாய் என்ற பேரில் வந்து நின்றாள்.

“பதினாறு விநாடி! அதுக்குள்ள மாப்பிள்ளை தூங்கியே போயிருப்பான்!”

சாய்ராகுல் கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். எண்களை முழுங்கலாம், கேட்பதற்கு ஆளில்லை. தாத்தனை முழுங்க முடியுமா? பாதியில் விட்டுவிட்டு ஓடத்தான் முடியுமா?

“ஏய், எல்லாரும் எந்திரிங்க” என்றாள்.

அன்று முதல் அந்த வார்டில் ஒரு சட்டம். மூடியில் பஞ்சு பட்டதும் முகமூடிக்குள் முதல் தகப்பன் பேர் வர வேண்டும். ஏழாமவர் வந்த பிறகுதான் கை எடுக்கலாம். நடுவில் யாராவது கூப்பிட்டுத் தடைபட்டால் மறுபடி முதலிலிருந்து. நூர்ஜாத் சித்தப்பாவுக்குப் போன் போட்டு மிச்சம் மூன்று பேரையும் வாங்கி மனப்பாடம் செய்தாள்.

சினார் மட்டும் சாயங்காலம் தனியாக வந்து நின்றாள். அனாதை விடுதியில் வளர்ந்த பெண் அவள்.

“எனக்கு ஏழு இல்ல எஜே. ஒண்ணுகூட இல்ல.”

சாய்ராகுலுக்குச் சுருக்கென்றது. இதை எப்படி யோசிக்காமல் போனேன்? “ஐயோ, என்னை மன்னிச்சிரு தங்கம்” என்று அவள் கையைப் பிடித்தாள்.

“மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் வேற ஏற்பாடு பண்ணிட்டேன். இங்கருந்து பொழைச்சு வீட்டுக்குப் போன ஏழு புள்ளைங்க பேரு. வந்தப்ப என்ன எடைங்கறதோட சேர்த்து. எர்கேஷ், தொள்ளாயிரத்து எண்பது. தாமிரா, ஆயிரத்து நூத்திப் பத்து… பதினேழு விநாடி வருது. உங்களைவிட ஒண்ணு ஜாஸ்தி!”

மூன்றாம் நாள் டாக்டர் தாமே மருந்து செலுத்த வந்தார். முணுமுணுப்பைக் கேட்டு முகம் சுளித்தார். “இது வார்டா, கல்யாணப் பந்தலா?”

“மூடியைத் தொடணும்னா நீங்களும் சொல்லணும் அகாய்” என்றாள் சாய்ராகுல்.

அவளை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பஞ்சை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். நாலு பேர் மளமளவென்று வந்தார்கள். ஐந்தாமவர் வரவே இல்லை. டாக்டரின் காது சிவந்தது.

“எங்க குதிரை பேரு வேணும்னா கடன் தரட்டுமா அகாய்?” என்றாள் நூர்ஜாத்.

வார்டே சிரித்தது, அரூகேகூட. டாக்டர் மறுநாள் காலை ஏழு பேரையும் கணீரென்று ஒப்பித்துவிட்டுத்தான் வெள்ளை அங்கியையே மாட்டினார்.

நாட்கள் நகர்ந்தன. சட்டம் வந்த ஒன்பதாம் நாள் துர்சுனாயின் உடம்பு கொதித்தது.

அரூகே கண்ணாடிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான். ரத்தமும், மூடியில் ஒற்றியெடுத்த பஞ்சும் லேபுக்குப் போயின. கிருமி முளைக்கிறதா இல்லையா என்று தெரிய இரண்டு நாள். டாக்டர் பிஷ்கெக்குக்கு ஆம்புலன்ஸ் தயாராக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாய்ராகுல் நடந்ததையெல்லாம் ஒவ்வொரு கையாக நினைத்துப் பார்த்தாள். யார் தவறினோம்? யாரும் தவறவில்லை, மனசு அடித்துச் சொன்னது. அப்படியென்றால் சூடு எங்கிருந்து? பெட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையைச் சுற்றித் தடவினாள். உடம்புச் சூட்டைப் பார்க்கும் கம்பி பசை விட்டு வயிற்றிலிருந்து நழுவித் துணி மேல் கிடந்தது. குழந்தை குளிர்கிறது என்று நினைத்துப் பெட்டி தன் பாட்டுக்கு அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது! கம்பியைத் திரும்ப ஒட்டினாள். ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கியது.

ஆனாலும் லேப் சொல்லாமல் டாக்டர் நம்புவாரா? இரண்டு நாளும் அந்த வார்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை டாக்டர் காகிதத்தைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடியே வந்தார். அந்தப் பெரிய மனுஷன் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

“ஒண்ணும் முளைக்கல! ரத்தமும் சுத்தம், மூடியும் சுத்தம்! ஆம்புலன்ஸ்காரனைப் போய்த் தூங்கச் சொல்லுங்க!”

நூர்ஜாத் சினாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அரூகே அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே ஒரு குழந்தைக்கும் குழாய் வழியே கிருமி ஏறவில்லை. துர்சுனாய் முதலில் துளித் துளியாக, பிறகு கரண்டி கரண்டியாகத் தாய்ப்பால் ஏற்றாள். மார்ச்சில் வரும் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் டாக்டர் அந்தக் குழாயை உருவி எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம் குழந்தையைச் சாய்ராகுல் அரூகேயின் மார்பில் வைத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு, வாய் கொள்ளாமல், ஊரே கேட்கிற மாதிரி சப்புக்கொட்டிக் குடித்தது.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டுத் தொட்டில் வெறுமையாக ஆடாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் பால் பொங்கட்டும், உங்கள் பிள்ளைகளைத் தொடுகிற கை எல்லாம் சுத்தமான கையாக இருக்கட்டும். பசியோடு படுக்கிற வாய் உங்கள் கூரைக்குக் கீழே ஒன்றுகூட இல்லாமல் போகட்டும். ஓமின், அப்படியே ஆகட்டும்.