பூஜையில் வைத்த புரதம்

தொண்ணூற்றாறில், தசராவுக்குக் கொஞ்சம் முன்னால், மைசூரில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு புரதத் துண்டு வந்தது. ஆராய்ச்சி மாணவி ஜோதிமணிக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. பார்த்தால் ஒன்றுமில்லை, குட்டிக் குப்பிகளில் குப்பிக்கொரு சொட்டுத் தண்ணீர் மாதிரி. மூளையும் குடலும் சேதி சொல்லிக்கொள்ள உடம்பு சுரக்கிற புரதம் ஒன்று உண்டே, அதில் ஒரு துண்டு. மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்தது. மருந்தெல்லாம் இல்லை, ஆராய்ச்சிக்கு மட்டும். ஃப்ரீசரை விட்டு வெளியே இருந்தால் போயிற்று.

ஜோதிமணியின் கடைசிப் பரிசோதனை அதில்தான். அவள் ஊரான கௌதள்ளியில் அப்பா லிங்கப்பன், தை பிறந்தால் கல்யாணம், படிப்பு முடிந்தாலும் சரி முடியாவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மேலே படிக்க விடமாட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். எங்கள் புரொபசர் ஸ்ரீகண்டன் அட்டெண்டர் சித்தையனிடம், "லேப்ல எது ஒசத்தியோ அதெல்லாம் சாமுண்டி படத்துக்கு முன்னால வைப்பா" என்றார். சித்தையன் மைக்ராஸ்கோப்பை வைத்தார், தராசை வைத்தார், ஃப்ரீசரைக் கழுவிவிட்டு ஜோதிமணியின் டப்பாவையும் வைத்தார். காலி டப்பா என்றுதான் நாங்கள் நினைத்தோம். புரொபசரே அதற்குக் குங்குமம் இட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியும்வரை தொடக்கூடாது அல்லவா? யாரும் தொடவில்லை.

திரும்பி வந்த ஜோதிமணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"போச்சுங்கக்கா" என்றாள் என்னிடம்.

சோதித்தும் பார்த்தோம். புரதம் கெடாமல் இருந்தால் ஒரே கோடாகத் தெரியவேண்டியது, நாலைந்தாகச் சிதறித் தெரிந்தது.

புரொபசர் சித்தையனைக் கூப்பிட்டார். "யாரைக் கேட்டுப்பா அதை எடுத்தே?"

"ஒசத்தியானத வைங்கன்னீங்க. எட்டு மாசமா எல்லாரும் அதப் பத்தியேதானுங்க பேசுனீங்க. அதவிட ஒசத்தி என்னங்க இருக்குது?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹௌதப்பா" என்றார் கன்னடத்தில், ஆமாம் என்று. "பொட்டு வெச்சவன் நான்தானே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் ஜோதிமணியும் நானும் கௌதள்ளிக்கு பஸ் ஏறினோம். லிங்கப்பன் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பூசையில வெச்சது கெட்டுப்போச்சுங்கறீங்களா சாமி?"

"ஆமாம். தப்பு என்னோடது. உங்க பொண்ணு அன்னிக்கு ஊர்லயே இல்லை. மறுபடி வரவழைக்கணும், எட்டு மாசமாவது ஆகும். கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ."

"பித்தளைச் சொம்பு வெச்சிருந்தா கெட்டிருக்காதுங்களே."

"அப்பா" என்றாள் ஜோதிமணி.

"நீ சும்மா இரு புள்ள. படிச்சவங்க மூணு பேரு பஸ்ஸேறி வந்து சாமி மேல குத்தம் சொல்றாங்க, நான் எங்க போயி நாயம் கேக்கறது?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலி மோர் டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். "மாப்பிள்ள வூட்ல நான் பேசிக்கறேன். ஆடியில எப்படியும் கண்ணாலம் வெக்க மாட்டோம். ஆவணிக்கு வெச்சுக்கலாம்."

பஸ் கிளம்பியதும் ஜோதிமணி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு புரொபசரிடம் குனிந்தாள்.

"அதுக்குள்ள வந்துருங்களா சார்?"

"வரலேன்னா மறுபடி வந்து மோர் குடிக்கறேன்" என்றார் அவர். "நாளைக்குக் காலம்பர முதல் வேலையா ஆர்டர் போட்டுடறேன்மா."