குரங்கு போட்ட அப்

"என்னோட கல்குலேட்டருக்கு இரசாயன அப் போட்டுக் குடுத்தது ஒரு குரங்கு. எடது காது கிழிஞ்ச கடுவன். நான் ரெண்டு நாளா தலையப் பிச்சிக்கிட்டு இருந்த வேலைய அது மேசையில ஏறி, ஒரு பொத்தான ஒரே அமத்து அமத்தி முடிச்சிட்டுப் போயிருச்சு" என்றார் கணபதி.

கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்த தேநீர்க்கடையில் தேநீர் ஆற்றியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமை காலைகளில் அங்கே மூன்று பேர் கூடுவார்கள். மூவரும் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள்: கணபதி, சுவக்கின், அக்குறணையிலிருந்து பஸ் ஏறி வரும் றலியா டீச்சர். றலியா டீச்சர் ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் புத்தகம் போடுவார். அதன் உள்ளட்டையில் 'கணக்குகளைச் சரிபார்த்தவர்: எஸ். சுவக்கின்' என்று ஒரு வரி இருக்கும். பொடி எழுத்துத்தான். ஆனால் சுவக்கினின் கண்ணுக்கு அது தலதா வீதியின் விளம்பரப் பலகை அத்தனை பெரிது.

காரணம் இருந்தது. எந்த இரசாயனப் பொருளின் மூலர்த் திணிவைக் கேட்டாலும் அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சரியான இலக்கத்தைச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார். அவருடைய திருமண நாளில் பாதிரியார் 'சம்மதமா' என்று கேட்க, நினைவு தவறி 'நூற்றைம்பத்தெட்டு' என்றாராம், பொற்றாசியம் பரமங்கனேற்றின் கணக்கு. அதை இன்றுவரை மனைவி லிண்டா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கணபதி மேசைமேல் வைத்த பொருள், மகள் சுகிர்தா கனடாவிலிருந்து அனுப்பிய வரைபுக் கல்குலேட்டர். செங்கல் பருமன், அகலமான திரை, நிறையப் பொத்தான்கள், உள்ளே அந்த அப் என்னும் செயலி.

"பொற்றாசியம் இருகுரோமேற்று?" என்றார் றலியா டீச்சர். கேட்டது சுவக்கினை அல்ல, செங்கல்லை.

"இருநூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றார் சுவக்கின், அவசரமாக.

கணபதி நிதானமாக நாலைந்து பொத்தானை அமர்த்தினார். "இருநூத்தித் தொண்ணூத்தி நாலு புள்ளி ஒண்ணு எட்டு."

"பாருங்களே, புள்ளிக்குப் பிறகும் இலக்கம் ஈக்கி" என்று டீச்சர் வியந்தார்.

அந்தப் புள்ளி ஒன்று எட்டு சுவக்கினின் நெஞ்சில் போய் முள்ளாகக் குத்தி நின்றது. கேத்தலை அந்த நேரத்தில் அவர் வயிற்றில் வைத்திருந்தால் கடையில் இருந்த எல்லோருக்கும் தேநீர் ஊற்றியிருக்கலாம்.

"கொரங்காம், அப்பாம். இவரு சொல்ற கொரங்கு பொய்னா, பெட்டி சொல்ற கணக்கும் பொய்தான்" என்றார் அவர்.

"ஏன் சேர், நீங்க போட்டுப் பாக்கிறதுதானே? உங்க மகன் ரொஹான்ட பெட்டி ஒண்ணு ஈக்கிண்டு ஒருக்கா சென்னீங்களே" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த முற சரிபாக்கிற வேலைய கணபதி சேருக்குக் குடுப்போமாண்டு யோசிக்கிறன். அடுத்த சனிக்கிழம முடிவு செல்றன்" என்றார்.

சுவக்கின் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். அவர் தேநீரை மிச்சம் வைத்ததை அந்தக் கடை அதற்குமுன் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைக் கவிழ்க்காத குறையாகக் கிண்டினார். ரொஹான் மெல்பனுக்குப் போகுமுன் வைத்துவிட்டுப்போன கல்குலேட்டர் கிடைத்தது. மாடல்கூடக் கணபதியுடையதேதான். அதில் மகன் படிக்கும் காலத்தில் ஏற்றியிருந்த விளையாட்டுகளை எல்லாம் அழித்தார். கணினியில் ஆவர்த்தன அட்டவணை அப்பை இறக்கி, வயரைச் செருகி, அனுப்பு என்று அமர்த்தினார். பாதி தூரம் போனதும் கல்குலேட்டரின் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: குப்பையை அள்ளவா? ஒன்று, இல்லை. இரண்டு, ஆம்.

சுவக்கினின் கை தானாக ஒன்றை அமர்த்தியது. வாழ்நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் அவர் கத்திய ஒரே வசனம், 'என்னென்று தெரியாமல் எதையும் கொட்டாதே' என்பது. லேபிள் விழுந்த போத்தலைக்கூட வருடக்கணக்காக வைத்திருந்த மனிதர். எது குப்பை என்று சொல்லாமல் அள்ளவா என்று கேட்கும் இயந்திரத்துக்கு எப்படி ஆம் சொல்வது? உள்ளே ரொஹானின் பழைய கணக்குகள் இருந்தால்?

இடமில்லை என்று அப் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி குப்பை, மறுபடி இல்லை. வியாழக்கிழமைக்குள் ஒன்று என்ற பொத்தான் தேய்ந்து குழிவிழுந்துவிட்டதோ என்று லிண்டாவுக்குச் சந்தேகம் வந்தது.

"கணபதி அண்ணன்கிட்ட ஒரு டெலிபோன் கோல் எடுத்துக் கேளுங்களேன்."

"கேக்கிறதுக்கு நான் செத்துப் போகலாம்."

"செத்தா எப்பிடிக் கேப்பீங்க?" என்று லிண்டா துணி காயப்போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சுவக்கின் ஒரு காரியம் செய்தார். அவர்கள் வீடு உடவத்தகெலே காட்டின் ஓரத்தில் இருந்தது. கணபதியின் வீடு அதே ஒழுங்கையில் சற்று மேலே. குரங்குகள் இரண்டு வீட்டுக்கும் சமமாக வரும், தபால்காரரைவிட ஒழுங்காக. யன்னலைத் திறந்துவைத்தார். கல்குலேட்டரை வயரோடு மேசையில் வைத்தார், திரையில் அந்தக் கேள்வியோடு. பக்கத்தில் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம், தற்செயலாக அங்கே இருப்பதுபோல. பிறகு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தக் கதையை அவர் நம்பவே இல்லை. பொய் என்று நிரூபிக்கத்தான் பழம் வைத்தார். தனக்குத்தானே இதைப் பலமுறை சொல்லிக்கொண்டார்.

குரங்கு வந்தது. இடது காது கிழிந்திருந்தது.

பழத்தை உரித்துத் தின்றது. தோலைக் கணினியின்மேல் போட்டது. பிறகு கல்குலேட்டரைத் தூக்க, வயர் கழன்றது. மறு நொடி அது முற்றத்துக் குட்டைப் பலாமரத்தின் உச்சியில்.

சுவக்கின் மிச்சப் பழச்சீப்போடு பாய்ந்தார். மரத்தடியில் நின்று அண்ணாந்து, பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் காட்டாத பணிவோடு கெஞ்சினார். "எறங்கு ராசா. மெதுவா. ரெண்டாவது பொத்தான் வேணாம். வேணும்னா அமத்திட்டு எறங்கு."

"அதுகிட்ட ஆம் சொல்லச் சொல்லிக் குடுக்கிறீங்களா சேர்?"

பின்னால், படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு கணபதி. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கொண்டு கம்பளை வரைக்கும் மின்சாரம் கொடுத்திருக்கலாம்.

குரங்கு பெட்டியை முகர்ந்து பார்த்தது, கடித்துப் பார்த்தது, பிறகு சுட்டுவிரலை நீட்டி இரண்டு என்ற பொத்தானில், சுவக்கினின் கண்ணெதிரே, வைத்து அமர்த்தியது. திரையில் ஏதோ ஓடுவதைச் சற்று நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. சலித்துப்போய்க் கைவிட்டது. கல்குலேட்டர் நேராக லிண்டாவின் ஈரத்துணிக் கூடைக்குள் விழுந்தது. லிண்டா போட்ட சத்தத்தில் கடுவன் காட்டுக்குள் போய்விட்டது.

மூவரும் உள்ளே போய் வயரைச் செருகினார்கள். இந்த முறை எந்தக் கேள்வியும் வரவில்லை. அப் நல்ல பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்தது. ரொஹானின் கணக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"அது ஒண்ணையும் அழிக்காது சேர்" என்றார் கணபதி. "அழிச்ச சாமான் கெடந்த எடத்தக் கூட்டிப் பெருக்கும், அவ்வளவுதான். எனக்கும் மொதல்ல தெரியாது. நானும் ரெண்டு நாளா இல்ல இல்லன்னுதான் அமத்துனேன். ஆய்வுகூடத்துல வளந்த கை. கொரங்கு இல்லாட்டி ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் இல்லன்னே அமத்தியிருப்போம்."

சுவக்கின் கணினியின்மேல் கிடந்த பழத்தோலை எடுத்து யன்னலுக்கு வெளியே எறிந்தார். குரங்குக்கும் கணபதியையே முதலில் பிடித்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் கணபதி நடந்ததைச் சொன்னார். அவர் வாயில் பலாமரம் தென்னைமர உயரத்துக்கு வளர்ந்தது, குரங்கு மூக்குக்கண்ணாடி போடாத குறை. அடுத்த மேசைக்காரர்கள் சிரித்துப் புரையேறினார்கள். றலியா டீச்சர் சிரிக்கவில்லை. புதுப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதிகள் அவர் மடியில் இருந்தன.

"சேர்" என்று சுவக்கினின் பக்கம் திரும்பினார். "நீங்க செல்லுங்க. இது நடந்ததா? நீங்க சென்ன ஒரு இலக்கத்தையும் நான் இதுவரைக்கும் திரும்பிப் பாத்ததில்ல."

கணபதி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரே ஒரு சொல் போதும். இல்லை என்றால் கணபதி பொய்யர், உள்ளட்டையில் பழைய பெயர். வாரம் முழுக்க அமர்த்திப் பழகிய அதே இல்லை. நுனி நாக்குவரை வந்துவிட்டது. ஆனால் டீச்சர் திரும்பிப் பார்க்காத இலக்கங்கள் எல்லாம் அந்த நாக்கில் இருந்துதான் வந்திருந்தன.

சுவக்கின் தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"நடந்தது டீச்சர். எடது காது கிழிஞ்ச கடுவன். ரெண்டாவது பொத்தான். என்னோட ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். பிறகு, கணபதியின் பக்கம் திரும்பாமலே, "ஆனா என்னோடத அது மரத்து உச்சியில வச்சு அமத்துச்சு. இவரோடது மேசையிலதானாம்."