முன்கூட்டியே போட்ட டிக்

அந்தப் பத்து நாளும் நெல்லையப்பனுக்கு நான் வெறும் பாதங்களாகத்தான் இருந்தேன்.

அவனுக்கு விழித்திரை பிய்ந்துபோய், ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பியிருந்தார்கள். வாயுக் குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் குப்புறவே கிடக்க வேண்டும். ஒரகடத்தில் எங்கள் வாடகை அறையில், கட்டிலுக்கு வெளியே முகத்தை நீட்டித் தரையைப் பார்த்தபடி கிடப்பான். ஷிப்ட் முடிந்து நான் எதிரே வந்து நின்றால், நிற்கிற விதத்தை வைத்தே இன்று சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனா என்று சொல்லிவிடுவான்.

அவன் திசையன்விளைக்காரன். நான் டெனிஸ், மணிமங்கலத்துக்காரன். ஒரே லைனில் எதிரெதிரே நின்று பிரேக் பாகங்களைப் பொருத்தியவர்கள். வேறு ஆள் இல்லாததால் சொட்டு மருந்து போடுவது என் வேலையாயிற்று. நர்ஸ் சொன்னபடி சோப்பு போட்டுக் கை கழுவுவேன். பாட்டிலின் முனை இமையில் படாமல் பிடிப்பேன். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுவேன். கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து மட்டும் காலை ஒன்று, மாலை ஒன்று.

கம்பெனியில் இருப்பது போல ஒரு செக் ஷீட் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். கம்பெனியில் செய்வது போலவே அதை நிரப்பவும் செய்தேன். எங்கள் லைனில் மணிக்கு ஒரு டிக் போட வேண்டும். யாரும் அப்படிப் போடுவதில்லை. ஷிப்ட் தொடங்கியதும் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டுவிடுவோம். நானும் மூன்றரைக்கு அறைக்கு வந்ததும் மாலைக் கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

உட்கார்ந்தால் புத்தகம். அப்போது கையில் இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவல், பனியில் புதைந்த ஏதோ ஓர் ஊர். அவனுக்காக உரக்கப் படிப்பேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும். உள்ளே ஒரு குதிரை வண்டி பனியில் சிக்கி நிற்கும்.

"அந்தக் குதிர பொழச்சிருமால?" என்பான், தரையைப் பார்த்தபடி.

ஏழு மணி வாக்கில் நிமிர்ந்து ஷீட்டைப் பார்ப்பேன். டிக் இருக்கும். போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

ஐந்தாம் நாள் நெற்றி தெறிக்கிறது என்றான். குப்புறக் கிடந்தால் வலிக்காதா என்று இருவரும் விட்டுவிட்டோம். மறுநாள் செக்கப்.

டாக்டரம்மா அழுத்தத்தை இரண்டு முறை அளந்தார். ஷீட்டை வாங்கிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காகப் போட்டுமா ஏறியிருக்கிறது என்றார். இப்படியே போனால் கண் நரம்பு கெடும், போன பார்வை திரும்பாது, இந்த மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது, வேறு சிகிச்சையைத்தான் யோசிக்க வேண்டும் என்றார். நெல்லையப்பன் தலை குனிந்தபடி என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஷீட்டைப் பார்த்தேன். மாலை டிக்குகள் எல்லாம் ஒரே சாய்வில் இருந்தன. எந்த நாள் மருந்து போட்டேன், எந்த நாள் போடவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

"மேடம், அந்த ஷீட்ட நம்பாதீங்க. சாயங்கால டிக்கெல்லாம் நான் முன்னாடியே போட்டது. பாதி நாள் மருந்து வுட்டுப்போயிருக்கும்."

அவர் திட்டவில்லை. அங்கேயே சொட்டும் மாத்திரையும் கொடுத்து, உட்கார வைத்து, மதியம் மறுபடி அளந்தார். இறங்கியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் தேவையில்லாததையெல்லாம் செய்திருப்பேன் என்றார். வலி வந்தால் செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோ பாதி வழி வந்திருக்கும். அவன் குனிந்தபடியே சொன்னான். "கம்பெனில டிக்கப் பாத்தா ஆடிட்டர் போயிருவான். இது என் கண்ணுல்லா டெனிசா."

"தப்புதான்டா."

"சாக்ஸயாவது தொவைல. ஆறு நாளா அதத்தான பாத்துக்கிட்டு கெடக்கேன்."

அன்றிலிருந்து மருந்து போட்ட ஈரக் கையோடுதான் பேனாவை எடுத்தேன்.

இப்போது அவன் மறைமலை நகரில் வேறு கம்பெனியில் இருக்கிறான். அந்த ஷீட் நாவலுக்குள் கிடக்கிறது. முதல் ஐந்து நாள் டிக்குகள் பளிச்சென்று இருக்கின்றன. மீதியெல்லாம் மை கலைந்து, நீலமாகப் பரவியிருக்கின்றன. அவன் நிமிர்ந்து உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளோடு வாசிப்பும் நின்றுபோனது. போன வாரம் போனில், குதிரை என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"நீயே படிச்சுக்கோயேன். கண்ணுதான் நல்லா கீதே."

 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நாவலை எடுத்து வை என்றான்.